ஃபுகு அவர்களின் தெற்குப் பார்த்த வீடு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. சாதுவான, நடுத்தர அளவுள்ள ஒரு பாம்பைத் தேர்ந்தெடுத்து அதை மரியாதையாகக் குடிவைப்பது எப்படி என்ற அடுத்த பெரிய கண்டுபிடிப்பு, ஒக்காயாமா நகரத்துக்கு வெளியே, பேருந்து கடைசியாக வந்து திரும்பும் இடத்தில் இருக்கும் எங்கள் ஹிகாரிதாய் குடியிருப்பில்தான் நிகழ வேண்டும் என்று எழுதியிருந்திருக்கிறது.

இதை நானாகச் சொல்லவில்லை. எங்கள் நிர்வாகக் குழு சொல்லச் சொன்னது. பிற குடியிருப்புகளிலிருந்து ‘நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு வெளியீடு வேண்டும். குடியிருப்பின் செய்தி மடலை வெகுநாள் எழுதியவள் என்பதால் குழுத் தலைவர் ஹக்காமதா என்னிடமே வந்தார்.

“பாராட்டி எழுதுங்க, மியாக்கே-சான். ஆனா அளவா இருக்கட்டும். நாம தற்பெருமை பேசுறவங்க இல்ல பாருங்க.”

அளவாகவே பாராட்டுகிறேன்.

எல்லாம் ஒரு நாயால் தொடங்கியது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பில், தனிமையில் வாடும் முதியவர்களுக்கு ‘ஆறுதல்’ அளிக்க ஒரு நாயை வைத்தார்கள். நாய் ஒரு கிழவரின் மடியில் தலைவைத்திருக்கும் படம் செய்தித்தாளில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து ஹக்காமதா-சானுக்குத் தூக்கமில்லை. நம் முதியவர்களும் அவர்களுக்குச் சளைக்காமல் தனிமையில்தானே வாடுகிறார்கள்?

குழு கூடியது. குறிப்பெடுக்க நானும் இருந்தேன். எங்கள் விதிமுறைப்படி குரைக்கும் பிராணி, முடி உதிர்க்கும் பிராணி, தரையைப் பிறாண்டும் பிராணி ஆகிய மூன்றும் வளர்க்கக் கூடாது. “விதியை மாத்திட்டா என்ன?” என்று புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் கேட்டுவிட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். அவரும் தான் சொன்னது என்ன என்பது புரிந்து மேசையைப் பார்த்தார். சுகாதாரப் பொறுப்பாளர் ஒச்சியாய் அம்மாள்தான் நிலைமையைக் காப்பாற்றினார்.

“குரைக்கக் கூடாது, முடி கொட்டக் கூடாது, பிறாண்டக் கூடாது. அப்படி ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

“மீன்,” என்றார் தலைவர்.

“மீனை எப்படித் தடவிக் குடுப்பீங்க? தொட்டாத்தான் ஆறுதல்னு பேப்பர்லயே போட்டிருக்கான்.”

“ஆமை?”

“நகத்தப் பாத்திருக்கீங்களா? தரை என்ன ஆகும்?”

தலைவரின் பார்வை சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் போனது. ஆண்டுக்கொரு பிராணி என்ற எங்கள் வழக்கப்படி, வரப்போகும் ஆண்டு பாம்பு ஆண்டு. தபால் நிலையத்தில் பாம்பு படம் போட்ட வாழ்த்து அட்டைகள் வந்திருந்தன.

“பாம்பு,” என்றார் மெதுவாக.

ஒச்சியாய் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “முடி கிடையாது. நகம் கிடையாது. குரலும் கிடையாது. இந்த விதியை எழுதுனவங்க பாம்பை மனசுல வச்சுத்தான் எழுதியிருக்காங்க, தலைவரே.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகப் போய், எல்லா வீட்டு முத்திரையும் குத்தப்பட்டுத் திரும்பி வந்தது. எதிர்ப்பு இல்லை. எங்கள் குடியிருப்பில் எதற்கும் எதிர்ப்பு இருந்ததில்லை.

அதே கூட்டத்தின் கடைசியில், ‘மற்றவை’ என்ற தலைப்பின் கீழ், இன்னொரு சின்ன விஷயமும் இருந்தது. என் கணவர் ஷூசோ வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். கடைசியில் நுரையீரல் ஓட மறுத்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஐந்தாம் மாடியில் இருந்தார். எங்கள் கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது. தரைத்தளத்தில் 101ஆம் வீடு, முன்பு காவலாளி குடியிருந்தது, குழுவுக்குச் சொந்தமானது. காவலாளி வேலையையே எடுத்துவிட்ட பிறகு காலியாகக் கிடந்தது. தெற்குப் பார்த்த வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிரே பேருந்து வந்து திரும்பும் இடம். அதை எங்களுக்கு வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டிருந்தோம். கீழே வந்துவிட்டால் அவர் கதவைத் திறந்து நடந்து போய் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்காருவார். பேருந்துகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்ப்பார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஹக்காமதா-சான் இதை ஏனோதானோ என்று விட்டுவிடவில்லை. நேரில் விசாரிக்க ஐந்து மாடியும் ஏறி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கியதில் அவருக்கும் என் கணவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“எப்படி இருக்கீங்க, மியாக்கே-சான்?”

“உங்க தயவுல நல்லா இருக்கேன்,” என்றார் என் கணவர். குழாய் உஸ்ஸென்றது.

“அந்த 101 விஷயம். அவசரமா?”

“அய்யோ, அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. உங்களுக்குத் தோதுப்படறப்போ பாத்தாப் போதும். வேற யாருக்காவது தேவைன்னா அவங்களுக்கே குடுங்க.”

நான் தேநீர் கொண்டுவந்தேன். “வேண்டாங்க, வேண்டாங்க” என்றார் தலைவர். ஊற்றினேன். குடித்தார். “போதுங்க, நிஜமாவே போதும்” என்றார். மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தார். எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்றால் என்ன பொருள் என்பது நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். என் கணவரின் ‘அவசரமில்லை’யை மட்டும் ஹக்காமதா-சான் எழுத்துக்கு எழுத்து அப்படியே மதித்தார்.

“சாதகமாப் பரிசீலிக்கிறோம்,” என்று குனிந்து வணங்கிவிட்டு இறங்கினார்.

அடுத்த வாரம் குழு பாம்பு வாங்கப் போனது. ஆண்கள் கோட்டு அணிந்திருந்தார்கள். ஒச்சியாய் அம்மாள் பள்ளி விழாக்களுக்கு அணியும் முத்துமாலையைப் போட்டிருந்தார். செய்தி மடலுக்காக நானும் போனேன். கடைக்காரர் நிஷினோ, தலைமுடிக்குப் பச்சைச் சாயம் அடித்த இளைஞர். சட்டப்படி வாங்குபவரை நேரில் உட்காரவைத்து விளக்கம் சொன்ன பிறகே ஊர்வன எதையும் விற்க முடியும் என்றார். ஹக்காமதா-சான் முகம் மலர்ந்தது. விளக்கக் கூட்டம் என்றால் அவருக்கு உயிர்.

“முதல்ல, ஆத்தங்கரையில சும்மா திரியுதே நம்மூர்ப் பாம்பு, அதையே பிடிச்சுக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“பிடிக்கலாம் சார். அது ஆள் உயரத்துக்கு வளரும். பிடிச்ச உடனே ஒரு நாத்தம் விடும் பாருங்க, கோட்ட நீங்க தூக்கித்தான் போடணும்.”

“உள்ளூர் ஆளுங்களுக்கு ஒழுக்கம் போதாது,” என்றார் ஒச்சியாய் அம்மாள்.

நிஷினோ ஆரஞ்சு நிறத்தில் மெலிதான ஒன்றைக் காட்டினார். “சோளப் பாம்பு. நல்ல சாது, புதுசா வளக்கறவங்களுக்கு ஏத்தது. ஆனா மூடியில ஒரு விரல் சந்து கிடைச்சாப் போதும், கிளம்பிடும்.”

“எங்க போகும்?”

“அது சொல்லிட்டுப் போகாது சார்.”

“தகவல் சொல்லாம வெளிய போற பழக்கம் நம்ம குடியிருப்புல கிடையாதே,” என்று தலைவர் மறுத்தார்.

அடுத்ததாக, நிஷினோ கை முழுக்க எடுத்து வந்தது பந்து மலைப்பாம்பு. பழுப்பும் கறுப்புமாக, தடித்து, ஒரு முழ அகலத் தட்டில் அடங்கிவிடும்படி இருந்தது.

“பேருலதான் மலைப்பாம்பு. ஒரு மீட்டரும் கொஞ்சமும், அவ்வளவுதான். கடிக்கறது அபூர்வம். பயந்தா சுருண்டு பந்தாயிடும், தலைய உள்ள வச்சுக்கும்.”

ஹக்காமதா-சான் பாம்பின் முன் குனிந்து, தன் பெயரையும் பதவியையும் சொன்னார். பாம்பு உடனே சுருண்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அசையவில்லை. கடையில் ஒரு மரியாதையான அமைதி நிலவியது.

“நம்ம பொதுக்குழு மாதிரியே இருக்கு,” என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது.

சாதுத்தன்மைக்குச் சோதனை நடந்தது. குழுவினர் ஒவ்வொருவரும் பாம்பைக் கையில் வாங்கி ஏதாவது ஒரு குறை சொல்லிப் பார்த்தார்கள். அது எதற்கும் பதில் சொல்லவில்லை. ஒச்சியாய் அம்மாள் “குப்பை தரம் பிரிக்கறதுல இன்னும் கவனம் வேணும்” என்றபோதும் பொறுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அது இன்னும் எங்கள் குடியிருப்புக்கு வரவேயில்லை.

“முப்பது வருஷம்கூட உயிரோட இருக்கும்,” என்றார் நிஷினோ.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்படின்னா எங்க எல்லாரையும் விட மூத்த உறுப்பினர் ஆயிடுவார்,” என்றார் தலைவர்.

“இன்னொண்ணு சார். குளிர்காலத்துல சில சமயம் சாப்பிடாம அடம் பிடிக்கும். உடம்பு இளைக்காம இருந்தா பயப்பட வேண்டாம்.”

இதை ஹக்காமதா-சான் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடியிருந்தார்.

பெயருக்கு வாக்கெடுப்பு நடந்தது. ‘ஃபுகு’ என்று வந்தது. நற்பேறு என்று பொருள். கூட்டக் குறிப்புகளில் ‘ஃபுகு அவர்கள்’ என்று எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது.

குடிவைத்தல் என்பது தேர்ந்தெடுத்தலை விடக் கடினமானது. இதைப் படிக்கும் பிற குடியிருப்பினர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். கூட்ட அரங்கில் ஒரு கண்ணாடி வீடு அமைத்தோம். முன்பக்கம் திறக்கும் கதவு, அதற்குப் பூட்டு. ஒரு மூலையில் அடியில் சூடாக்கும் தகடு. அந்தப் பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, எதிர்ப்பக்கம் இருபத்தாறு. வெயில் வேண்டும்போது இங்கே, நிழல் வேண்டும்போது அங்கே என்று ஃபுகு அவர்களே தன் விருப்பப்படி மாறிக்கொள்ளலாம். உடம்பை நனைத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமான தண்ணீர்ப் பாத்திரம். காற்று உலர்ந்துவிடாமல் பார்க்க ஈரப்பதமானி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இரண்டு பெட்டிகள்.

பெட்டி விஷயத்தில் ஒச்சியாய் அம்மாளுக்கு மனக்குறை. “ஜனங்க ஆறுதலுக்கு வர்றப்போ இவரு உள்ள போய் உக்காந்துட்டா எப்படி?”

பொருத்த வந்திருந்த நிஷினோ தலையைச் சொறிந்தார். “ஒளிஞ்சுக்க இடம் இருந்தாத்தாங்க அதுக்கு நிம்மதி. அதுவும் உடம்பு சுவத்துல ஒட்டற மாதிரி இறுக்கமா இருக்கணும்.”

“எங்க வீடுங்க மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் ஒச்சியாய் அம்மாள். பெட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது.

பிறகு ‘ஃபுகு கடமை’ என்று எழுதிய மரப் பலகை வந்தது. குப்பை இடத்தைப் பெருக்கும் முறைப் பலகையைப் போலவே இதுவும் வீட்டுக்கு வீடு கதவுப் பிடியில் தொங்கும். பலகை தொங்கும் வீட்டினர் காலையும் மாலையும் போய் இரண்டு பக்க வெப்பத்தையும் ஈரத்தையும் தண்ணீரையும் பார்த்து, தலைவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். வெப்பம் சற்றே இறங்கினாலும் தலைவர் வீட்டுச் செருப்போடு ஓடி வருவார். பார்த்தவர்கள் கண்கலங்கியிருக்கிறார்கள்.

எங்கள் முறை வந்தபோது நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன். எங்கள் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருப்பதால் அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு ஏற்றக் கூடாது. பழைய ஏ.சி. ஒன்று இருமிக்கொண்டே சூடு கொடுத்தது.

“அவருக்கு எவ்வளவு?” என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டார் என் கணவர்.

“முப்பத்திரண்டு.”

“நமக்கு?”

“பதினாறு.”

“சரி பாதி. கணக்கு சரியாத்தான் இருக்கு. அவருக்கு ரெண்டு பக்கம், நமக்கு ஒரு பக்கம்.”

“சிரிக்காதீங்க. இருமல் வரும்.”

“நீதான சிரிக்க வைக்கிற, காலையும் மாலையும் பாம்புக்குக் காவல் போய்க்கிட்டு.”

ஃபுகு அவர்களின் ‘ஆறுதல் நேரம்’ பெரும் வெற்றி பெற்றது. முதியவர்கள் வரிசையில் நின்று தொட்டார்கள். செய்தித்தாளில் படமும் வந்தது. பாம்பு பந்தாகச் சுருண்டிருந்ததால் தலைவர் தர்பூசணியோடு நிற்பதைப் போல இருந்தது. ஆனாலும் அது நாயை விடப் பெரிய படம்.

புத்தாண்டு நெருங்கும்போது துன்பம் வந்தது. ஃபுகு அவர்கள் சாப்பிட மறுத்தார். உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து, மூக்கருகில் ஆட்டிக் காட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரமும் அப்படியே. குடியிருப்பு முழுக்கக் கவலை பரவியது. படிக்கட்டில் சந்திப்பவர்கள் வானிலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு “இன்னிக்காவது சாப்பிட்டாரா?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

அதே நாட்களில் என் கணவரும் கிண்ணத்தைத் தள்ளிவைக்கத் தொடங்கியிருந்தார். கஞ்சி, அதில் ஊறுகாய்ப் பிளம், அதுவும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

“அவர் சாப்பிட்டாரா?” என்று கேட்பார்.

“இல்ல.”

“நானும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து வேலைநிறுத்தம் பண்றோம். பஸ் கம்பெனியில இருந்தப்போ எனக்கு இதுக்கு நேரமே கிடைக்கல.”

“இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் வேலைநிறுத்தம் பண்ணலாம்.”

ஆண்டு முடியும் தறுவாயில் ஹக்காமதா-சான் முறைப்படி விசாரிக்க மறுபடி ஏறி வந்தார்.

“எப்படி இருக்கீங்க, மியாக்கே-சான்?”

“உங்க தயவுல நல்லா இருக்கேன். ஃபுகு எப்படி இருக்காரு?”

அவ்வளவுதான். தலைவரின் கண் நிறைந்துவிட்டது. “ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறாரு. நாளுக்கு நாள் சோர்ந்து போறாரு. பாக்கவே முடியல எனக்கு.”

“பசிச்சாச் சாப்பிடுவாரு. மனச விடாதீங்க,” என்று என் கணவர் அவருக்கு ஆறுதல் சொன்னார். பேசி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. என் கணவரின் மடியில் தட்டோடு தொடாமல் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை நான் எடுத்து, அதே தட்டில் தலைவருக்குத் தேநீர் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லி இரண்டு கோப்பை குடித்தார்.

புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் அவசரக் கூட்டம். குழுவின் வரலாற்றில் ‘அவசரம்’ என்ற சொல் தலைப்பில் இடம்பெற்றது அதுதான் முதல்முறை. கால்நடை மருத்துவரைக் கேட்டிருந்தார்கள். அமைதி வேண்டும், அதிர்வு ஆகாது, வெப்பம் ஏறி இறங்கக் கூடாது என்று சொன்னாராம். கூட்ட அரங்கில் புதன்கிழமைதோறும் பாட்டுக் குழுவின் ஒலிபெருக்கி, இரவில் குளிர்.

“ஃபுகு அவர்களுக்குத் தனி வீடு தேவை,” என்றார் தலைவர். “நல்லவேளையா 101 காலியா இருக்கு.”

நான் கை தூக்கினேன். “101க்கு நாங்க கேட்டிருந்தோமே.”

“மறக்கல, மியாக்கே-சான்,” என்றார் ஒச்சியாய் அம்மாள் அன்போடு. “ஆனா உங்க வீட்டுக்காரர் அவசரமில்லன்னு சொன்னாரே. வேற யாருக்காவது தேவைன்னா குடுங்கன்னும் சொன்னாரே. எவ்வளவு பெரிய மனசு. ஃபுகு அப்படி எதுவும் சொல்லலியே.”

“அவர் சாப்பிடறதே இல்ல,” என்றேன்.

“தெரியும். அதுக்காகத்தான இந்தக் கூட்டமே,” என்றார் தலைவர்.

“நான் என் வீட்டுக்காரரச் சொன்னேன்.”

அரங்கில் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஹக்காமதா-சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் போன வாரம்கூட நேர்ல கேட்டேன். நல்லா இருக்கேன்னுதான் சொன்னாரு.”

“மேல ஏதாவது மாடியில காலியா இருந்தா ஃபுகுவ அங்க வைக்கலாமே?” என்று புது உறுப்பினர் பாவம், இன்னொரு முறை முயன்றார்.

“அது எப்படி? அவரப் பாக்க வர்றது வயசானவங்க,” என்றார் தலைவர். “வயசானவங்க படி ஏற முடியுமா? கொஞ்சம் மனுஷத்தனத்தோட யோசிக்கணும்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

101இல் புதிய ஏ.சி. பொருத்தினார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டார்கள். தரையில் அதிர்வு தாங்கும் மெத்தை விரித்தார்கள். ஃபுகு அவர்கள் போர்வை சுற்றிய கண்ணாடி வீட்டோடு குடிபெயர்ந்தார். தூக்கிவந்த நால்வரும் கைக்குழந்தையைத் தூக்குவதைப் போல நடந்தார்கள். அன்று கடமைப் பலகை எங்கள் கதவில் தொங்கியது. பார்த்துவிட்டு ஏறி வந்து சொன்னேன்.

“வீடு நல்லா இருக்கா?” என்று கேட்டார் என் கணவர்.

“நல்லா இருக்கு. கதகதன்னு இருக்கு.”

“ஜன்னல்லேர்ந்து பஸ் தெரியுதா?”

“திரை போட்டிருக்காங்க. வெளிச்சம் நேராப் பட்டா ஆகாதாம் அதுக்கு. எப்பவும் மூடியே வைக்கணுமாம்.”

கீழே ஒரு பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. எங்கள் ஜன்னல் வடக்குப் பார்த்தது. அவருக்குச் சத்தம் மட்டும்தான்.

“அப்போ பஸ்ஸு வீணாப் போகுது,” என்றார்.

பிப்ரவரி மாதக் காலையொன்றில் அவர் கீழே இறங்கினார். மீட்புப் பணியாளர்கள் துணி ஸ்ட்ரெச்சரில் வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்த்தியும் சாய்த்தும் கொண்டுவந்தார்கள். படிக்கட்டு குறுகல். ஹக்காமதா-சான் செய்தி கேட்டு ஓடிவந்து, தரைத்தளத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்த நேரத்திலும் அவருக்குக் கடமை மறக்கவில்லை. 101ஐக் கடக்கும்போது உதட்டில் விரல் வைத்து, பணியாளர்களிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“கொஞ்சம் மெதுவா. உள்ள ஒருத்தர் உடம்பு சரியில்லாம இருக்காரு.”

மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி பேருந்து நிறுத்தத்தைச் சுற்றித்தான் போனது. அவர் கண் மூடியிருந்தது.

இறுதிச் சடங்குக்குக் குழுவினர் எல்லோரும் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, பாம்பு வாங்கப் போனபோது அணிந்த அதே கோட்டு. ஹக்காமதா-சான் என் முன் வெகுநேரம் குனிந்திருந்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றார். “ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க என்ன, பாத்துக்கிட்டா இருந்திருப்போம்?”

அந்த வாரமே ஃபுகு அவர்கள் சாப்பிட்டார். முழு எலி. தயக்கமே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குடியிருப்பில் மகிழ்ச்சி பொங்கியது. வீட்டுக்கு வீடு சிவப்புப் பயறு போட்ட மங்கலச் சோறு வழங்கினார்கள். துக்க வீட்டுக்கு மங்கலச் சோறு கொடுப்பது முறையல்ல என்பதைக் குழு நீண்ட நேரம் விவாதித்ததாம். கடைசியில் ஒச்சியாய் அம்மாள் பெட்டியைக் கொண்டுவந்தார். என் பங்கில் மட்டும் பயறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். சோற்றில் இளஞ்சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது.

“உங்க மனசு புண்படக் கூடாதுன்னுதான்,” என்றார்.

இப்படியொரு குழு வேறு எங்கே கிடைக்கும்?

சென்ற வாரம் ஹக்காமதா-சான் இந்த வெளியீட்டுக்காக என் வீட்டுக்கு வந்தபோது, இன்னொரு நல்ல செய்தியும் கொண்டுவந்தார். ஃபுகு அவர்களை இரவில் தனியாக விடுவது குழுவுக்கு உறுத்தலாக இருக்கிறதாம். துணைக்கு ஒருவர் 101இல் தங்கினால் நல்லதாம். நானும் தனியாகத்தானே இருக்கிறேன், வயதும் ஆகிறது, படி ஏறுவது சிரமம்தானே என்றார். வாடகை வேண்டாம். திரையை மட்டும் திறக்கக் கூடாது.

“அவசரமில்ல,” என்றேன். “உங்களுக்குத் தோதுப்படறப்போ.”

“அப்போ நாளைக்கே வந்துடுங்க,” என்றார். அவருக்கு என் ‘அவசரமில்லை’ உடனே புரிந்துவிட்டது. தேநீர் வேண்டாம் என்றார். நான் ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

போகும்போது வாசலில் திரும்பி, “கடைசியில மத்த குடியிருப்புக்காரங்களுக்கு ஒரு அறிவுரை சேத்துடுங்க, மியாக்கே-சான். நம்ம அனுபவத்துலேர்ந்து,” என்றார்.

சேர்க்கிறேன்.

சாதுவான, நடுத்தர அளவுள்ள ஓர் உயிரை உங்கள் கட்டடத்தில் குடிவைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அது சாப்பிடுவதை நிறுத்தினால், அதனிடம் போய் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்காதீர்கள். உங்கள் தயவில் நலம் என்று அது சொல்லிவிடும். எங்கள் குழு பாம்பிடம் எதையும் கேட்கவில்லை. குழுவே கண்ணைத் திறந்து பார்த்தது. அதனால்தான் பாம்பு பிழைத்தது.